சூட்டி மேடை நிகழ்ச்சி: ஆங்கிலம் தெரியாத அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

மழைக்குடை:
பிரிட்டன்ல இருக்கிறவங்ககிட்ட ஒரு கேள்வி. எங்க ஊர்த் தியேட்டருக்கு அடுத்த மாசம் சூட்டி வருது. மஞ்சள் கரடி, கையில மாட்டுற பொம்மை. என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், போஸ்டரைப் பார்த்ததுல இருந்து தரையில கால் பாவலை. நான் திருநெல்வேலிப் பக்கம். எனக்கு இந்தக் கரடியோட பூர்வீகம் எதுவும் தெரியாது.

பெரியவனுக்கு ஒன்பது வயசு, சின்னவளுக்கு நாலு. ஊர்ல இருந்து எங்க அம்மாவும் வந்திருக்காங்க. அவங்களுக்கு ஆங்கிலம் சுத்தமா வராது. வீட்லயே விட்டுட்டுப் போகவும் மனசில்லை. பெரியவன் "இது பாப்பா நிகழ்ச்சி"ன்னு மூஞ்சியைத் தூக்குவானா? அம்மாவுக்கு ஏதாவது புரியுமா? எந்த வரிசையில உக்காரணும்?

ஹரோ வாசி:
தங்கச்சி, யோசிக்காமல் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. உந்தக் கரடி வாயே திறக்காது. பக்கத்தில நிக்கிறவரின்ர காதுக்குள்ள ஏதோ குசுகுசுக்கும், அவர் அதைத் திருப்பிச் சொல்லுவார். ஸ்வீப் எண்டு ஒரு சாம்பல் நிற நாய், அது கீச்சுக் கீச்செண்டு கத்துமே தவிர ஒரு சொல்லும் கதைக்காது. சூ எண்ட பாண்டாப் பிள்ளைதான் வாய் ஓயாமல் கதைக்கும். மூண்டில ரெண்டுக்கு மொழி தேவையில்லை.

இருக்கை எண்டால் கீழ்த்தளத்தில முன்பக்கமாப் பாருங்கோ. மேல்மாடி மலிவுதான், ஆனால் பொம்மை ஒரு முழம்கூட இல்லை, அங்கயிருந்து மஞ்சள் புள்ளி மாதிரித்தான் தெரியும். நாலு வயசுப் பிள்ளைக்கு மாடியின்ர கம்பி வேற மறைக்கும். கனக்கத் தியேட்டர்களில பிள்ளையளுக்கு உயரமா இருக்க மெத்தை குடுப்பினம், வாசலிலேயே கேட்டு வாங்குங்கோ. முன் வரிசை எண்டால் நனையவும் தயாராப் போங்கோ. தண்ணித் துவக்கு (தண்ணி பீச்சுற விளையாட்டுத் துப்பாக்கி) இல்லாமல் சூட்டி இல்லை.

கறிவேப்பிலை:
நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசறேன், கோச்சுக்காதீங்க. இது குழந்தைகளுக்கான நிகழ்ச்சியே கிடையாது. அப்பாக்களோட பழைய நினைவை வித்துக் காசு பார்க்கிற ஏற்பாடு. முகம் அசையாது, கண்ணு அசையாது, குரல் இல்லை. டிவியில கேமரா கிட்டப் போய்க் காட்டும், சரி. நூத்துக்கணக்கான பேர் உக்காந்திருக்கிற அரங்கத்துல ஒரு சாண் பொம்மையை வச்சு என்ன பண்ண முடியும்? கடைசியில லைட்டு, புகை, திரை, சத்தம்னு ரொப்புவாங்க. பொம்மை ஒரு மூலையில உக்காந்திருக்கும்.

இடைவேளையில மினுமினுக்குற மந்திரக்கோல் விப்பாங்க பாருங்க, அதுதான் உண்மையான நிகழ்ச்சி.

ஹரோ வாசி:
மந்திரக்கோல் விஷயத்தில நீங்கள் சொல்லுறது நூறு வீதம் சரி. அதுக்கு எண்டு தனியாக் காசு எடுத்துவையுங்கோ, இல்லாட்டிக் காருக்குள்ள அழுகைதான்.

பாவைக்காரன்:
கறிவேப்பிலைக்கு ஒரு பதில், கொஞ்சம் நீளம். பள்ளிக்கூடங்கள்ல கைப்பொம்மை செய்யக் கத்துக்கொடுக்கிறது என் வேலை, அதனால வாய் சும்மா இருக்காது.

கை உள்ளே எப்படிப் போகுதுன்னு பாருங்க. ஆள்காட்டி விரல் தலைக்குள்ள. கட்டைவிரல் ஒரு கை, நடுவிரல் இன்னொரு கை. மூணு விரல், ஒரு மணிக்கட்டு, நடிகர்னு இருக்கிறது அவ்வளவுதான். தலையை ஆட்டலாம், சாய்க்கலாம், முகத்தைப் பொத்தலாம், கைதட்டலாம், ஒரு பொருளைத் தூக்கலாம். வெக்கம், கோவம், குறும்பு, துக்கம் எல்லாத்தையும் இதுக்குள்ளதான் கொண்டு வரணும். குனிஞ்ச தலை கொஞ்ச நேரம் அப்படியே நின்னா அழுகை. படக்குன்னு நிமிர்ந்தா ஏதோ வினை வரப்போகுது.

பேச்சு வரும்போதுதான் வேடிக்கை. கரடி காதுல சொல்லுது, நமக்குக் கேக்கலை. பக்கத்துல நிக்கிறவர், "என்னது? சுத்தியலா? எதுக்கு?"ங்கிறார். கரடி மறுபடி சொல்லுது. "வேண்டாம்னா வேண்டாம்!"ங்கிறார். அடுத்து என்ன நடக்கும்னு நாலு வயசுக் குழந்தைக்கும் தெரியும். உரையாடல்ல பாதியை அந்தக் குழந்தைதான் மனசுக்குள்ள எழுதுது.

இப்ப அந்த மனுஷன் நிலைமையை யோசிங்க. சுத்தியல் பிடிச்சிருக்கிறது அவரோட கை, அடி வாங்கப் போறது அவரோட தலை. அடி வரப்போறது அந்த முகத்துக்குத் தெரியவே கூடாது. கண்ணு கரடியை ஒரு தனி ஆளா பார்க்கணும், கோவிக்கணும், கெஞ்சணும். மந்திர வித்தைக்காரங்க வருஷக்கணக்கா பழகுறது, பார்க்கிறவங்க தன் கையைக் கவனிக்காம இருக்கணும்னுதான். இங்கே மொத்த அரங்கமும் அவர் கையை மட்டும்தான் பார்க்குது, ஆனா அது கைங்கிறது மறந்துபோகுது. சூட்டியை உருவாக்கினவரும், இப்ப வச்சிருக்கிறவரும் மந்திர வித்தை தெரிஞ்சவங்கங்கிறதை நான் தற்செயலா நினைக்கலை.

அரங்கம் பெருசு, பொம்மை சிறுசுங்கிறது வாஸ்தவம்தான். ஆனா கடைசி வரிசையில இருக்கிறவன் பார்க்கிறது அந்த மனுஷன் முகத்தை. அவர் நம்பினா அவனும் நம்புவான். அவர் ஒரு நொடி அசிரத்தையா இருந்தா, முன் வரிசைக்குமே அது வெறும் துணிதான்.

பழைய டிவி:
நல்லா சொன்னீங்க. பூர்வீகம் தெரியாதுன்னு மழைக்குடை எழுதியிருந்தாங்க, அதுக்காக இது.

சூட்டியை உருவாக்கின ஹாரி கார்பெட் பிராட்ஃபோர்ட்காரர், தொழில் பொறியாளர், பொழுதுபோக்கு மந்திர வித்தை. பியானோக் கலைஞரா வரணும்னு ஆசை, ஒரு காது சரியா கேக்காததால அது நடக்கலை. மீன் வறுவலுக்குப் பேர்போன ஹாரி ராம்ஸ்டன் இவருக்கு மாமா முறை. அந்தக் கடையிலதான் இவர் பியானோ வாசிச்சிட்டிருந்தார். 1948-ல குடும்பத்தோட பிளாக்பூல்ங்கிற கடற்கரை ஊருக்குப் போனப்போ, நார்த் பியர்ங்கிற கடல் மேடையில இருந்த கடையில 7 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்து ஒரு மஞ்சள் கரடி வாங்கினார், மகன் டேவிட்டுக்கு விளையாட்டுக் காட்ட. அப்ப அதுக்குப் பேர் டெடி.

1952-ல பிபிசியோட ஒரு திறமை நிகழ்ச்சியில தோன்றினாங்க. கறுப்பு வெள்ளைத் திரையில முகம் எடுப்பாத் தெரியணும்னு காதுலயும் மூக்குலயும் புகைக்கரியைத் தடவினார். புகைக்கரிக்கு ஆங்கிலத்துல "சூட்", பேரும் அதுலேருந்து வந்துடுச்சு. 1955-ல தனி நிகழ்ச்சி, 1957-ல ஸ்வீப், 1964-ல சூ. சூவுக்குக் குரல் கொடுத்தது ஹாரியோட மனைவி மார்ஜரி. 1968-ல பிபிசியை விட்டு ஐடிவிங்கிற போட்டிச் சேனலுக்குப் போனாங்க.

ஒரு காது சரியா கேக்காத ஒருத்தர் காதுல கரடி ரகசியம் சொல்லிச் சம்பாதிச்சுக் கொடுத்ததுங்கிறதை நினைச்சா எனக்குச் சிரிப்பா இருக்கும்.

நாஞ்சில் நாடோடி:
> 1964-ல சூ

இதுல ஒரு கூத்து உண்டு. ஆண் கரடிக்குத் தோழியான்னு பிபிசிக்குள்ளயே ஒரு தயக்கம் இருந்ததாம். ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடக் கூடாதுங்கிற நிபந்தனையோடதான் சூவை உள்ளே விட்டாங்கன்னு இன்னிக்கும் இங்கே சொல்லிச் சிரிக்கிறாங்க. துணிக்குள்ள விரல் இருக்கிற ரெண்டு பொம்மைக்கு ஒழுக்கக் கட்டுப்பாடு!

ஒரு சந்தேகம். நம்ம பக்கம் இந்த மாதிரிக் கையில மாட்டி ஆட்டுறது இருக்கா? எனக்குத் தெரிஞ்சது தோல்பாவையும் கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டமும்தான்.

பாவைக்காரன்:
பாலக்காட்டுல இருக்கு. பாவக்கதகளின்னு சொல்வாங்க. கதகளி ஒப்பனையோட சின்னப் பொம்மை, கையை உள்ளே விட்டு ஆட்டுறது. கிட்டத்தட்ட அழிஞ்சே போன கலை. கைவினைக் கலைகளுக்காகப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாயா தூண்டுதல்ல, இரிஞ்ஞாலக்குடா நடனகைரளியில ஜி. வேணு அதை மீட்டெடுத்தார். திரை கிடையாது. ஆட்டுறவங்க தரையில உக்காந்து, முகம் தெரியத்தான் ஆட்டுவாங்க. அவங்க கண்ணு பொம்மையை விட்டு நகராது. அந்த ஒரு விஷயத்துல சூட்டியோட உறவு உண்டு, மத்தபடி அது வேற உலகம்.

கறிவேப்பிலை:
பாலக்காடு வரைக்கும் போயிட்டீங்க. சரி, நம்பிக்கை அது இதுன்னு சொல்றது அழகாத்தான் இருக்கு. ஆனா நம்புறவர் இப்ப ஹாரி இல்லையே. ஒரு கம்பெனி உரிமையை வாங்கி யாரோ ஒருத்தரை மாசச் சம்பளத்துக்கு நிறுத்தினா அங்கே என்ன நம்பிக்கை? என் வாதமே அதுதான்.

பழைய டிவி:
நீங்க சொல்ற காலம் ஒண்ணு வந்துட்டுத்தான் போச்சு. 1975 கிறிஸ்துமஸ் சமயத்துல ஹாரிக்கு மாரடைப்பு. அடுத்த வருஷம் இளைய மகன் மாத்யூ பொறுப்பெடுத்தார். சும்மா சொத்தா வந்து சேரலை, அப்பாகிட்ட 35,000 பவுண்டு கொடுத்து உரிமையை வாங்கினார். அந்த மகன் பிறந்ததும் கரடி வாங்கினதும் ஒரே வருஷம், 1948. அவரோட சொந்தப் பேர் பீட்டர். நடிகர் சங்கத்துல ஏற்கெனவே அந்தப் பேர்ல ஒருத்தர் இருந்ததால மாத்யூ ஆனார்.

1996-ல அவர் உரிமையை 14 லட்சம் பவுண்டுக்கு வித்தார். வாங்கினது ஒரு முதலீட்டு வங்கி, அந்த வங்கிக்கு முதலாளி ஒரு ஜப்பானிய வங்கி. ஆக, கரடி கொஞ்ச காலம் வங்கிக் கணக்குல ஒரு சொத்தா இருந்தது நிஜம். 1998-ல மாத்யூ ஓய்வெடுத்து, ரிச்சர்ட் கடெல் வந்தார். முதல்ல நீங்க சொன்ன மாதிரிச் சம்பளத்துக்கு நின்னவர்தான். 2008-ல சகோதரரோட சேர்ந்து உரிமையை அவரே வாங்கிட்டார். இப்ப மேடையில கையை உள்ளே விட்டிருக்கிறவர்தான் முதலாளியும். டிக்கெட் விக்கலைன்னா அவர் வீட்டுலதான் அடுப்பு எரியாது.

எனக்கு ஹாரியையும் பிடிக்கும், ஆனா மாத்யூதான் உசத்தி. ஹாரி பொறுமையா திட்டுற பள்ளிக்கூட வாத்தியார். மாத்யூ அடி வாங்குறதுக்குன்னே பிறந்த அண்ணன்.

ஹரோ வாசி:
எண்பத்தஞ்சாம் ஆண்டு வாக்கில அகதியா வந்து இறங்கின வீடு ஒண்டில நாங்கள் ஆறு பேர். பின்னேரத்தில டிவியில மாத்யூ தலையில மா கொட்டுப்படும். எங்கட அப்பம்மா "ஐயோ, அந்தப் பெடியனை விடச் சொல்லுங்கோடா" எண்டு திரையைப் பாத்துச் சொல்லுவா. அவவுக்கும் ஒரு சொல் ஆங்கிலம் தெரியாது. அதுதான் தங்கச்சிக்கு அவ்வளவு உறுதியாச் சொன்னனான்.

தேநீர்க்கடை:
என் அனுபவம் வேற மாதிரி. போன வருஷம் ஒரு பெரிய அரங்கத்துல பார்த்தோம் (ஊர் வேண்டாம்). ஒலி அமைப்பு மோசம், சூ பேசினது எதிரொலிச்சு எதுவுமே காதுல விழலை. என் பொண்ணுக்கு மூணு வயசு. மேடையிலேருந்து தண்ணியைப் பீச்சினதும் பயந்து அழுதா, வெளியே தூக்கிட்டு வந்துட்டேன். முதல் தடவை போறவங்க நாலு வரிசை தள்ளி, ஓரமா உக்காருங்க. எழுந்து போக வழி இருக்கணும்.

பாதி நேரம் குழந்தைங்க கத்திட்டே இருக்கும்ங்கிறதையும் முன்னாடியே சொல்லி வைங்க. "பின்னால பாருங்க!"ன்னு கத்துறது இங்கே சம்பிரதாயம். மேடையில இருக்கிறவர் திரும்பும்போது கரடி ஒளிஞ்சுக்கும், அவர் "யாருமே இல்லையே"ம்பார், மறுபடி கத்தணும். கிறிஸ்துமஸ் சமயத்துல போடுற பாண்டமைம்ங்கிற வேடிக்கை நாடகம் பார்த்துப் பழகின பிள்ளைங்களுக்கு இது தானா வந்துடும்.

மழைக்குடை:
எல்லாருக்கும் நன்றி. போயிட்டு வந்தாச்சு. மதியக் காட்சி, ஓரத்து இருக்கை, மெத்தை, துண்டு எல்லாம் சொன்னபடியே.

சின்னவ குரல் இன்னும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கு. "இஸ்ஸி விஸ்ஸி லெட்ஸ் கெட் பிஸி"ன்னு மந்திரம் சொன்னாத்தான் வித்தை நடக்கும்னு சொல்லிட்டாங்க இல்லையா, இப்ப பல் தேய்க்கவும் அதுதான், சாப்பிடவும் அதுதான். பெரியவன் முதல் அரைமணி நேரம் கையைக் கட்டிட்டு, "மேசைக்கு அடியில ஆள் இருக்காங்க, எனக்குத் தெரியும்"னு சொல்லிட்டே இருந்தான். அப்புறம் மந்திர வித்தைகள் வந்தது. பெட்டிக்குள்ள போனது காணாமப் போனதும் நிமிர்ந்து உக்காந்துட்டான். பொம்மைக்காக இல்லை, ரகசியத்தைக் கண்டுபிடிக்கிற வெறியில. கறிவேப்பிலை சொன்ன லைட்டும் புகையும் இருந்தது, ஆனா அவனை உக்கார வச்சதும் அதுதான்.

அம்மா விஷயம்தான் சொல்லணும். ஸ்வீப் கீச்சுன்னு கத்தினதுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. என்ன சொல்லுதுன்னு எனக்கே தமிழ்ல விளக்கினாங்க! சூ வந்தா மட்டும், "இந்தப் பொண்ணு ஏன்டி இவ்வளவு பேசுது"ன்னு அலுத்துக்கிட்டாங்க. பஸ்ல வரும்போது ஒரு கேள்வி கேட்டாங்க: "அந்த மனுஷன் பெட்டி திறந்தது, தண்ணி ஊத்தினது, துடைச்சது எல்லாமே ஒரே கையாலதானே? இன்னொரு கை கரடிகிட்ட மாட்டிக்கிச்சே, வலிக்காதா?" எனக்கு அது தோணவே இல்லை. பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்.

வீட்டுக்காரர் கடைசியில "பை பை எவ்ரிபடி"க்குக் கண்ணைத் துடைச்சுட்டு, தண்ணி பட்டுதுன்னார். நாங்க உக்காந்த இடத்துக்குத் தண்ணி வரலை.

பாவைக்காரன்:
உங்கம்மா கேட்டது தொழில் தெரிஞ்சவங்க கேக்கிற கேள்வி. வலிக்கும். கை நெஞ்சு உயரத்துல மடங்கினபடியே நிக்கணும், தோளும் மணிக்கட்டும் கதறும். தேர்ந்தவங்க இடையிடையே கரடியை மேசைக்குக் கீழே ஏதோ எடுக்க அனுப்புவாங்க. பார்க்கிறவங்களுக்கு அது கதை, கைக்கு அதுதான் ஓய்வு.

ஸ்வீப்போட கீச்சு, சாக்ஸபோன்ல வர்ற நாணல் பட்டையை வாயில வச்சு ஊதுறது. வெறும் சத்தம் இல்லை, வாக்கியத்தோட ஏற்ற இறக்கத்தை அப்படியே ஊதுவாங்க. கெஞ்சலா, கேள்வியா, திட்டாங்கிறது தெரிஞ்சிடும். உங்கம்மா விளக்கினது பெரும்பாலும் சரியாவே இருந்திருக்கும்.

கறிவேப்பிலை:
உங்க அம்மாவுக்காக ஒரு படி இறங்கி வரேன். ஆனா விலை? நாலு பேர் குடும்பம் டிக்கெட், பார்க்கிங், ஐஸ்கிரீம்னு போட்டா ஒரு வாரச் சமையல் சாமான் காசு. அதே காசுக்கு நூலகத்துல ஒரு சின்னப் பொம்மை நாடகம் வந்தா பத்துத் தடவை பார்க்கலாம். பாவைக்காரன் சொன்ன மணிக்கட்டு, தலைச்சாய்வு எல்லாம் ஐம்பது பேர் அறையிலதான் நிஜமாத் தெரியும். பெரிய அரங்கம் அந்தக் கலைக்கு எதிரிங்கிறதுல நான் மாறலை.

பாவைக்காரன்:
அதை நான் மறுக்கலை. ஐம்பது பேர் அறைதான் எனக்கும் பிடிக்கும். ஆனா ஐம்பது பேர் டிக்கெட்ல மேசைக்கு அடியில ஒளிஞ்சு மத்த பொம்மைகளை ஆட்டுறவங்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. பிளாக்பூல் மாதிரிக் கடற்கரை ஊர்கள்ல கோடைக்காலப் பெரிய அரங்கங்கள்தான் இந்த மாதிரி ஆட்களைத் தலைமுறைக்கும் வாழ வச்சது.

பழைய டிவி:
அந்த அரங்கங்கள் ஹாரியைக் கடைசி வரைக்கும் விடலை. டிவியை மகன்கிட்ட ஒப்படைச்ச பிறகும் அவர் மேடையை நிறுத்தலை. தனியா ஊர் ஊரா போய் நடத்தினார். 1989 ஆகஸ்ட்ல வேமத்ங்கிற கடற்கரை ஊர்ல, பவிலியன் தியேட்டர்ல அரங்கு நிறைஞ்ச காட்சி. முடிச்சுட்டுப் படுத்தவர் தூக்கத்துலயே போயிட்டார். வயசு 71. டிவி எப்பவோ மகனுக்குப் போயிடுச்சு, கரடியை மட்டும் அவர் கையிலிருந்து கழட்டலை.

நாஞ்சில் நாடோடி:
கடை வாசல்ல சூட்டி உருவத்துல பெரிய உண்டியல் நிக்குமே, பார்வையற்றோர் சங்கத்துக்கு. அதுல காசு போட்டவங்க யாராவது இருக்கீங்களா?

ஹரோ வாசி:
போட்டிருக்கிறன். அப்பா தந்த பத்துப் பென்ஸ். இனிப்பு வாங்கத் தந்தவர்.

மழைக்குடை:
கடைசிக் கேள்வி, அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன். சின்னவ பிறந்தநாளுக்குக் கைப்பொம்மை வேணும்கிறா. வீட்டுக்காரர் சாட் வேலிங்கிற பொம்மைக் கம்பெனி செஞ்ச பழைய பொம்மைதான் வாங்கணும்னு இணையத்துல ஏலம் ஏலமா தேடிட்டிருக்கார். எது நல்லது?

பாவைக்காரன்:
பழசு வேண்டாம். அந்தக் காலத்துப் பொம்மைகள்ல கண்ணு, மூக்கு எல்லாம் எப்ப பிடுங்கிட்டு வரும்னு சொல்ல முடியாது, குழந்தை வாயில போட்டுடும். துணியும் நைஞ்சிருக்கும். புதுசு வாங்குங்க, துவைக்கலாம். வாங்கும்போது கழுத்துக்குள்ள அவ விரல் எட்டுதான்னு பாருங்க. எட்டலைன்னா தலைக்குள்ள ஒரு அட்டைக் குழாய் வச்சுத் தைச்சிடுங்க, தலை நிக்கும்.

கறிவேப்பிலை:
பழசையும் வாங்கிடுங்க. வீட்டுக்காரருக்கு.